சுருக்கிச் சொல்லுண்ணா

எய்ன் ஷகேத் கூட்டுறவுக் கிராமம், இஸ்ரேல்
14 அக்டோபர் 2018

ஏ அஹுவா! தங்கச்சி! காதில் விழுகிறதா? எப்படி இருக்கிறாய்? ஜெர்மனியில் அந்த லைப்சிக் ஊரில் வெயில் என்று ஒன்று உண்டா, இல்லை மேகத்தை அண்ணாந்து பார்த்தே காலத்தை ஓட்டுகிறாயா? கடைவாய்ப் பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா? இங்கே நானும் அம்மாவும் எண்ணூறு வான்கோழிகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம். கொஞ்சம் சளி மட்டும் இருக்கிறது. கோழிகளுக்கு அல்ல, அம்மாவுக்கு.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். போனில் நான் வாயைத் திறந்தால் போதும், "சுருக்கிச் சொல்லுண்ணா" என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அதனால் இனிமேல் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் மன்றத்தில் மின்விசிறி ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த விசிறி வாங்கிய கதையே தனிக் கதை. நம் பக்கத்து வீட்டு ஸக்காய் அதை மலிவு என்று வாங்கி வந்தான். மூன்று றெக்கையில் ஒன்று எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. "காத்து ரெண்டு பக்கமும் வரும்டா" என்று சத்தியம் செய்தான். சரி, அது கிடக்கட்டும். நான் ஏணிமேல் நின்றேன். கீழே பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், அம்மா முன்வரிசையில். ஸக்காயின் பேத்தி லிரோன் உன் புத்தகத்தோடு வந்தாள். "நம்ம அஹுவாக்கா எழுதினது. வெளிநாட்டுலெல்லாம் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க. மூணே பக்கம்தான், கேளுங்க" என்று வாசித்தாள்.

ஒரு பெண் வான்கோழி வளர்க்கிறாள். பிறந்த சூட்டோடு அவளுக்கு மூன்று குழந்தை செத்துவிட்டது. குஞ்சு இறக்கும்போது மூன்றைப் பொறுக்கி அந்தக் குழந்தைகளின் பேரை வைக்கிறாள். அந்த மூன்றை மட்டும் தடுப்புக்குப் பின்னால் ஒதுக்கி வைக்கிறாள், கறிக்குப் போகிற லாரியில் ஏற்றுவதில்லை. பண்டிகைக்கு மகளின் காதலன் வருகிறான். அவசரத்துக்கு மகள் அந்த மூன்றில் ஒன்றைப் பிடித்து வெட்டிவிடுகிறாள். "கறி பஞ்சு மாதிரி இருக்கு" என்று எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார்கள். நல்ல கதை, ஒத்துக்கொள்கிறேன். ஏணியில் நின்றபடியே எனக்கே பாதி சிரிப்பு வந்தது.

அம்மாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். தொடையைத் தட்டி, "ஐயோ, யாருடி இந்தக் கிறுக்கி!" என்றாள். அப்புறம் லிரோன் கோழிகளின் பேரை வாசித்தாள். எஸ்ரா. முராத். பஹியா.

விசிறி அந்த நேரம் பார்த்தா ஓட வேண்டும்? ஓடியது. பக்கத்தில் இருந்த ஹபீபா அம்மாவின் காதருகே குனிந்து, "நாஸே, அது உன் புள்ளைங்க பேரு இல்ல?" என்று கேட்டாள். அம்மா எழுந்தாள். "பறவைங்களுக்குத் தண்ணி வெக்கணும்" என்று போய்விட்டாள்.

கோழிக்குப் பேர் வைப்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அஹுவா.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "அவ என் வாசல்ல கால் வெக்கக் கூடாது. நான் கூப்பிட்டா வரட்டும். கூப்பிடலைன்னா அங்கயே இருக்கட்டும்." எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலையை மூடு.

உன் அண்ணன்
ஷபத்தாய்


லைப்சிக்
2 நவம்பர் 2018

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? அம்மாவின் சளி எப்படி இருக்கிறது? என் பல் ஆறிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் வெளியே போகவில்லை. அம்மாவிடம் சொல், அது அவள் இல்லை. கதையில் வரும் ஒரு பெண். பேர்களை மாற்ற நினைத்தேன். மாற்றினால் கதை செத்துப்போயிற்று, திரும்ப வைத்துவிட்டேன்.

இங்கே ஏன் நம் கதைகளை இப்படி விரும்புகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. மூன்று பக்கம்தான். முதல் இரண்டில் சிரிக்கிறார்கள். மூன்றாவதில் தாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று தெரிகிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. இவர்கள் ஊர்க் கதைகளில் மழை பெய்யவே பத்துப் பக்கம் ஆகிறது. வாசிப்பு முடிந்ததும் ஒரு கிழவி என் கையைப் பிடித்து அழுதாள். அவள் அம்மாவுக்கும் அப்படி மூன்று குழந்தைகளாம்.

அண்ணா, நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கூப்பிடாமல் வந்தால் அவள் கதவைச் சாத்துவாள், எனக்குத் தெரியும். அவள் ஒரு தடவை சரி என்றால் போதும். "வா" என்று ஒரே ஒரு சொல் எழுது. அடுத்த விமானத்தில் வருவேன். இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்
அஹுவா


எய்ன் ஷகேத்
20 நவம்பர் 2018

தங்கச்சி, சுகமா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? அங்கே பன்றியைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்று ஸக்காய் சொல்கிறான். அவன் நம் டவுன் தபரியாவைத் தாண்டிப் போனதில்லை, ஆனாலும் அவனுக்கு எல்லா ஊரும் தெரியும். இங்கே மழை தொடங்கிவிட்டது. என் முட்டிவலி இருக்கிறது, அம்மாவுக்கு இருமல் இருக்கிறது, மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா சாற்றில் போட ரவை மாவுக்குள் கறி வைத்துக் குப்பே பிடித்துக்கொண்டிருந்தாள். உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "அது நான் இல்லையாமா?" என்றாள். "இல்லையாம்" என்றேன். "அப்ப அந்த முராத் யாரு, நம்ம ஜனத்துப் பேரை வெச்ச போலந்துக்காரனா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சாறு கொதித்து வழிந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் லாரி வந்தது. டிரைவர் உனக்குத் தெரிந்தவன்தான், ஒரு காலத்தில் உன் பின்னால் சுற்றினானே, காது பெரிசாக இருக்குமே, அவனேதான். இப்போது நாலு பிள்ளை. நாலுக்கும் அதே காது. நாங்கள் கோழிகளைப் பிடித்துக் கூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தாள். அக்குளில் ஒன்று, கையில் இரண்டு. அவளே தூக்கி லாரியில் போட்டாள். காதுக்காரன், "பாட்டி, இந்த மூணும் வயசானதாச்சே, கறி வேகாதே" என்றான். "பஞ்சு மாதிரி இருக்கும்" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் கொட்டகைப் பக்கமே போவதில்லை. புதுக் குஞ்சு இறக்கினோம். பேர் வைக்கவில்லை.

"வா" என்று எழுதச் சொன்னாளா என்று தேடுவாய். சொல்லவில்லை. சொன்னால் எழுதுவேன். கம்பளி போட்டுக்கொள்.

அண்ணன் ஷபத்தாய்


லைப்சிக்
9 டிசம்பர் 2018

அன்புள்ள அண்ணா,

நீயும் அம்மாவும் நலமா? இத்துடன் அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், இரண்டு ஜோடி. நான் கொடுத்தேன் என்று சொன்னால் போடமாட்டாள், நீ வாங்கினதாகச் சொல்.

லாரிக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. அக்குளில் ஒன்று, கையில் இரண்டு.

இருமல் இரண்டு மாதமாக இருக்கிறதே, டாக்டரிடம் காட்டினாயா? ஒளிக்காமல் சொல், நான் வர வேண்டுமா? மார்ச்சுக்குள் அடுத்த புத்தகத்தைக் கொடுக்க வேண்டும், இப்போது எழுந்தால் அது நின்றுவிடும். ஆனாலும் நீ எழுது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறேன். அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேசு. நீ பேசினால் கல்லும் கேட்கும்.

அஹுவா


எய்ன் ஷகேத்
27 டிசம்பர் 2018

என் தங்கச்சி, எப்படி இருக்கிறாய்? காலுறை வந்தது. நான் வாங்கினேன் என்று சொன்னேன். அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, "உனக்கு இவ்ளோ ருசி எப்ப வந்துச்சு?" என்றாள். ஆனால் போட்டுக்கொண்டாள்.

டாக்டரைப் பற்றிக் கேட்டாய். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சில் தண்ணீராம். அங்கே ஒரு ரஷ்யக்கார நர்ஸ், தோள் நம் கொட்டகைக் கதவு அகலம். அம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கிப் புரட்டினாள். "ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆச்சா? என் புள்ள ஒருத்தன் இருக்கான், தாடி இல்லாதப்போ பாக்க நல்லா இருப்பான்" என்று அம்மா என்னைக் காட்டினாள். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்து, "வேற புள்ள இல்லையா?" என்று கேட்டாள். அந்த அறையே சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு அரபுக் கிழவி, அவளுக்கு மொழி புரியாது, அவளும் சிரித்தாள்.

அம்மா மட்டும் அப்புறம் சொன்னாள்: "மூணு இருந்துச்சு. ஒரு பொண்ணும் இருக்கா."

இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். படுத்திருக்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை. நீ புத்தகத்தை முடி. நிறுத்தினால் அந்தப் பழியும் எங்கள்மேல் விழும். உடம்பு முக்கியம், நேரத்துக்குச் சாப்பிடு.

ஷபத்தாய்


லைப்சிக்
10 ஜனவரி 2019

அண்ணா,

உயிர் வந்தது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றதும் பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நீயும் நலமாக இரு, முட்டிக்குத் தைலம் தேய்.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. ஒரு வாசிப்புக் கூட்டத்தில் என் கதைக்குப் பதிலாக உன் ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்தேன். நர்ஸ் "வேற புள்ள இல்லையா" என்றதும் ஜனங்கள் நாற்காலியிலிருந்து விழாத குறை! நீ எழுதுவதில் பாதிக்குமேல் வெட்ட வேண்டியிருந்தது. அரைப் பக்கமாக்கினேன். அம்மா கடைசியில் சொன்னதை எடுத்துவிட்டேன், சிரிப்பை அது கெடுத்தது. "இந்த அண்ணன் நிஜமாகவே இருக்கிறாரா?" என்று கேட்கிறார்கள். இன்னும் எழுது. வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம். "வா" என்றாளா?

அஹுவா


எய்ன் ஷகேத்
29 ஜனவரி 2019

ஏ தங்கச்சி, லைப்சிக் ஊரின் மகாராணி, சுகமா? ஜனங்களெல்லாம் சுகமா? நாற்காலியிலிருந்து விழுந்தவர்களுக்கு அடி ஒன்றும் படவில்லையே?

போன வாரம் நம் வீட்டில் இருந்த கூட்டத்தைப் பார்த்திருந்தால் நீ அசந்துபோயிருப்பாய். வாசல் கதவைச் சாத்தவே இல்லை. ஊரே வந்தது. கமிட்டி ஆபீஸிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை டிராக்டரில் ஏற்றி வந்தான் ஸக்காய். வளைவில் பாதியைக் கொட்டிவிட்டு, "நாற்காலிங்களே நடந்து வரும்டா" என்றான். ஹபீபா என் அடுப்பங்கரையைக் கைப்பற்றிவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க எழுந்தேன். "உக்காருடா! உன்னை எழுந்திருக்க விட்டா என் பேரு ஹபீபா இல்ல!" என் வீட்டில் என்னைக் கைதியாக வைத்து முட்டையாக ஊட்டினாள். வெளியிலிருந்து வந்த ஒரு ரபி எங்கள் ஆடு ஒன்றோடு சண்டை போட்டார். அவர் தொப்பியை அது தின்றது. பாதித் தொப்பியோடு அவர் ஜெபம் சொன்னதை நீ பார்த்திருக்க வேண்டும். ஆடும் கூடவே தலையாட்டியது.

ஆடு யாருடையது என்று ஒரு வழக்கு வந்தது. ஸக்காய் தன்னுடையது இல்லை என்றான். தொப்பி விலை கேட்பார்களோ என்ற பயம். ஆடோ அவன் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டது. ரபி, "சாட்சி போதும்" என்றார்.

அப்புறம் கதைகள். வந்தவன் ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொன்னான். அம்மா கல்யாணமான புதிதில் பாம்பு என்று துடைப்பத்தால் அடித்துக் கொன்றது வெறும் கயிறாகிப் போனது. அரிசி மூட்டைக்காகக் கூட்டுறவுக் கடைக்காரனைக் கிணற்றடி வரை துரத்தியது. காதுக்கார டிரைவர்கூட வந்தான், நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. லாரியில் ஏற்றிய அந்த மூன்றையும் அவன் அறுக்கக் கொடுக்கவில்லையாம். தன் வீட்டில் கட்டி வளர்க்கிறானாம். அதை அம்மாவிடம் சொல்லலாம் என்று வந்தேன், தாமதமாகிவிட்டது என்று அழுதான்.

தாமதம்தான். அம்மா ஞாயிற்றுக்கிழமை விடிகாலை போய்விட்டாள், அஹுவா. அன்று மத்தியானமே புதைத்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில், பாதாம் மரம் பூத்திருந்தது. உன் காலுறையோடு போகக் கூடாது, வெள்ளைத் துணி மட்டும்தான் என்று கழற்றினார்கள். அது என்னிடம் இருக்கிறது. நம் துக்க வழக்கப்படி கண்ணாடியில் துணி போர்த்தி, சட்டையைக் கிழித்து, ஏழு நாள் தரையில் உட்கார்ந்தேன். உனக்கு விட்டு வைத்த இடம் என் பக்கத்தில் காலியாக இருந்தது. "அவளுக்குச் சொன்னியா?" என்று எல்லோரும் கேட்டார்கள். எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

முட்டிவலி பரவாயில்லை. தைலம் தேய்த்தேன். ஆடு இப்போது ஸக்காய் வீட்டில் இருக்கிறது.

ஷபத்தாய்


லைப்சிக்
17 பிப்ரவரி 2019

அண்ணா, அண்ணா, அண்ணா!

நலமா? முட்டி எப்படி இருக்கிறது? நீ என்னையே மிஞ்சிவிட்டாய்! உன் கடிதம் கூட்டத்துக்குக் கிளம்பும்போதுதான் வந்தது. டிராமில் போகும்போது முதல் பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்து, தொப்பி தின்ற ஆட்டோடு மேடையில் ஏறினேன். "என் பேரு ஹபீபா இல்ல" என்ற இடத்தில் கைதட்டல் நிற்கவே இல்லை. பின்வரிசையில் ஒருவர் கண்ணீர் வரச் சிரித்தார். அந்த வாரம் வந்த மரங்களின் திருநாளுக்கு நம் வீட்டில் இவ்வளவு அமர்க்களமா? முன்னெல்லாம் உலர்ந்த அத்திப்பழத்தோடு முடிந்துவிடுமே! மீதிப் பக்கங்களைப் புத்தகத்தை முடித்துவிட்டு நிதானமாகப் படிப்பேன், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்மாவும் கூட்டத்தில் சிரித்தாளா? அவள் மனசு இளகியிருக்கும் இப்போது. கேள் அண்ணா. பஸ்கா பண்டிகைக்கு வரட்டுமா என்று கேள்.

முத்தங்களுடன்
அஹுவா


எய்ன் ஷகேத்
3 மார்ச் 2019

அஹுவா,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம்.

நான்காம் பக்கத்தைப் படி.

படித்தாயா? முதல் பக்கம் உனக்கு எழுதியது. நான்காவது எனக்கு. நீ அதுவரை வருவாயா என்று பார்த்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே போனில் சொல்லியிருக்கலாம். கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். ரபியைக் கேட்டேன். இறந்து முப்பது நாள் தாண்டிச் செய்தி தெரிந்தால் ஏழு நாள் துக்கம் கிடையாது என்றார். ஒரு மணி நேரம்தான். செருப்பைக் கழற்று. சட்டையைக் கழுத்தருகே கிழி, தாய் என்பதால் அது மட்டும் எத்தனை நாளானாலும் உண்டு. தரையில் உட்கார். ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்துவிடு. எழுந்து உன் வேலையைப் பார்.

சுருக்கமாக இருந்தால்தான் உனக்குப் பிடிக்கும்.

ஷபத்தாய்


லைப்சிக்
15 மார்ச் 2019

அண்ணா,

உட்கார்ந்தேன். கிழித்தேன். எழுந்திருக்கத் தெரியவில்லை. வீட்டுக்காரி கதவைத் தட்டி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஜெர்மன் மறந்து நம் மொழியிலேயே ஏதோ சொல்லி அனுப்பினேன்.

நான் செய்தது எனக்குத் தெரியும். அவளைப் புதைத்த கதையை வாசித்துச் சிரிப்பு வாங்கினேன். அதைச் சுமந்துகொண்டுதான் சாவேன், நீ சொல்ல வேண்டியதில்லை. நீ செய்ததும் உனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். அப்புறம் ஆயுசுக்கும் எதையும் கேட்கமாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அந்த மூன்று வாரத்தில், அம்மா என்னைக் கூப்பிட்டாளா? "வா" என்று சொன்னாளா, இல்லையா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன். ஒரு சொல் போதும்.

அஹுவா


எய்ன் ஷகேத்
4 ஏப்ரல் 2019

தங்கச்சி, எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? இங்கே பஸ்காவுக்கு வீடு கழுவுகிறேன். அம்மா இல்லாமல் முதல் தடவை. எந்த வாளி எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் எல்லாவற்றாலும் கழுவினேன்.

ஒரு சொல் போதும் என்கிறாய். ஒரு சொல்லில் சொல்லத் தெரிந்திருந்தால் மேடையில் நான் இருந்திருப்பேன், கோழிக்கு நீ தீனி போட்டிருப்பாய். முதலிலிருந்துதான் சொல்ல வரும் எனக்கு. கேள்.

சனிக்கிழமை. நல்ல வெயில். அம்மா தலையணையை முதுகுக்கு வைக்கச் சொன்னாள். வைத்தேன். உயரம் என்றாள். மடித்து வைத்தேன். தாழ்வு என்றாள். அந்தத் தலையணை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் நீ அதைக் கிழித்து இறகெல்லாம் முற்றத்தில் பறந்ததே. கடைசியில் ஸக்காயின் பழைய மேல்கோட்டைச் சுருட்டி வைத்ததும், "இப்பத்தான் ஒரு ஆம்பள வாசம் வருது" என்றாள். சிரித்தோம். ஹபீபா சாறு கொண்டு வந்தாள், உப்பே இல்லை. அதைப் பற்றி ஒரு அரை மணி பேசினாள் அம்மா, மூச்சு வாங்க வாங்க. ஹபீபாவின் மாமியார் சமையலிலிருந்து ஆரம்பித்து.

மூன்று மணி இருக்கும். ஹபீபா போய்விட்டாள். நாங்கள் இருவர்தான். கொட்டகையில் கோழிகள் சத்தம் போட்டன. "தண்ணி வெச்சியா?" என்றாள். வைத்தேன் என்றேன். அப்புறம், "ஷபத்தாய், கிட்ட வா. அவளுக்கு ஒண்ணு எழுதணும். நான் சொல்றத அப்படியே எழுது, உன் கதைய நடுவுல சேக்காத" என்றாள். பேனா எடுக்கப் போனேன். பேனாவைக் காணோம். தேடினேன், தேடினேன், கடைசியில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்

இரு, ஸக்காய் வாசலில் நின்று ஹார்ன் அடிக்கிறான். "டேய் ஷபத்தாய்! ஒம்போது பேர் ஆயாச்சு, பத்தாவது ஆளுக்கு நிக்கறோம். உங்கம்மாவுக்குத்தான்டா ஜெபம், எங்கம்மாவுக்கா? கெளம்பு!" பத்துப் பேர் இல்லாமல் அம்மாவுக்கு ஜெபம் சொல்ல முடியாது. தபால்பெட்டியும் போகிற வழிதான், இதை இப்படியே ஒட்டிப் போட்டுவிடுகிறேன். பேனா கிடைத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வர்றேன்டா, கத்தாதே! அவள் சொன்னாள்: "எழுது. அஹுவாவை